தங்கவயலும் சினிமாவும்

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. பிறகு அந்த ஊர்ப் பெயர் நாடெங்கும் மறுபடி கேட்டது. ஒரு சினிமாவால்!

கே.ஜி.எஃப். முதல் பாகம் 2018இல் வந்தது. செலவு சுமார் 80 கோடி ரூபாய் என்றார்கள். கன்னடப் படத்துக்கு அது மிகப் பெரிய தொகை. கதாநாயகன் யஷ்ஷைக் கர்நாடகத்துக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. பிறகு எந்த நம்பிக்கையில் பணம் போட்டார்கள்? படத்தை ஐந்து மொழிகளில் வெளியிட்டார்கள். ஒன்றில் விழுந்தாலும் இன்னொன்றில் தேறலாம் அல்லவா?

படம் ஓடியது. 2022இல் இரண்டாம் பாகம் வந்தபோது யஷ் முகத்துக்காகவே கூட்டம் கூடியது. வசூல் 1,000 கோடியைத் தாண்டியது.

வசூல் வேறு, லாபம் வேறு. நீங்கள் கொடுக்கும் டிக்கெட் பணத்தில் முதலில் வரி போகும். அடுத்து தியேட்டர்காரர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு. மிச்சம்தான் தயாரிப்பாளருக்கு. 100 கோடி போட்ட படம் 100 கோடி வசூலித்தால், தியேட்டர் கணக்கில் அது நட்டம்தான்.

படத்துக்கான சுரங்க செட்டைத் தங்கவயலிலேயே போட்டார்கள். தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் அங்கே மலைமலையாகக் கிடக்கிறது. சயனைடு மலை என்பார்கள். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும்.

படத்தின் கதை கற்பனை. உண்மையில் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து போன ஏழைகள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் விடியற்காலையில் ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.