சாப்பாவும் அறவியலும்

அறம் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளின் முதற் பாலே அறத்துப்பால்தான். எனினும், சர்வகலாசாலையில் அறவியல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது என்றவுடன், "நல்லது கெட்டது அறியக் கல்லூரிக்கா போக வேண்டும்? வீட்டில் பெரியோர் சொல்வது போதாதா?" என்று வினவுவோர் உண்டு. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களிற் குடியேறிய நம்மவர், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இவ்வாறு கேட்பது இயல்பே. விடை காணக் கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரிக்குச் செல்வோம்.

மிளகு வாணிகத்தாற் பெயர் பெற்ற அவ்வூரில், துறைமுக வேலைக்கு ஆள் எடுக்க முன்பு 'சாப்பா' முறை வழங்கியது. சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. அது கையில் இருந்தால்தான் அன்றைக்கு வேலை. வேலையோ சிலருக்கு, காத்து நிற்போரோ பலர். வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார்கள். தொழிலாளர் ஒருவரையொருவர் தள்ளியும் மிதித்தும் அவற்றைப் பொறுக்குவர். இதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15ஆம் நாள் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், தொழிலாளர் உயிரிழந்தனர். 1962இல் அம்முறை ஒழிந்தது.

அது தீயது என்று எவரும் கூறுவர். 'ஏன் தீயது?' என்று கேட்கும்போதுதான் அறவியல் தொடங்குகிறது.

செயலை அதன் பயனால் அளக்க வேண்டும் என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் போன்றோர் கொள்கை. வில்லையை எறிந்தாலும் கையிற் கொடுத்தாலும் வேலை பெறுவோர் தொகை ஒன்றே. ஆயினும் காயமும் பகையும் கணக்கிற் சேரும்போது தீமையே மிகுகிறது. மனிதனை வெறுங் கருவியாக நடத்தலாகாது என்றார் இமானுவேல் காண்ட். அவர் வழி நோக்கின், ஒருவருக்கும் காயம் படாவிடினும் எறிவதே குற்றம். அது மனிதனின் மதிப்பைக் குலைக்கிறது. அரிஸ்டாட்டில் வழி வந்தோரோ, எறிபவனையும் பொறுக்குபவனையும் இப்பழக்கம் எத்தகைய மனிதராக்குகிறது என்று வினவுவர்.

இனி, எதிர்வாதத்தையும் மாணவன் கேட்டாக வேண்டும். "வேலை குறைவு, யாரேனும் விடுபடத்தான் வேண்டும். இதுவும் சீட்டுக் குலுக்குவது போன்றதுதானே?" என்று ஒருவர் கூறலாம். சீட்டில் முதியவனுக்கும் இளையவனுக்கும் வாய்ப்பு ஒன்றே. சாப்பாவிலோ உடல் வலியவனே வெல்வான். அதிர்ஷ்டம் போலத் தோன்றுவது உண்மையில் பலத்தின் ஆட்சியாகும். பெயரைப் பதிந்து முறை வைத்து அழைத்தாலோ, இன்று விடுபட்டவனுக்கு நாளை வேலை கிட்டும். துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து முறைப்படுத்த 1948ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் வழி வகுத்ததும் இதனாலேயே சிறப்புடைத்து. காரணம் தெளிந்தால் பரிகாரமும் தெளிகிறது.

திருத்தணியிற் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதி 1908இல் வெளிவந்த ஆய்வுரை, வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியதே. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குறைகூறலுக்கு, அவர் சினத்தால் அன்றி நியாயத்தால் விடையிறுத்தார். பெரியோர் சொல்லைக் கைவிடுவதற்காக இப்படிப்பு ஏற்பட்டதன்று. அச்சொல்லின் காரணத்தை அறிந்து, மறுப்பவர்க்கும் எடுத்துரைக்க ஏற்பட்டது.

மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில், எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியில் தத்துவப் பாடம் உண்டு. காலடியில் 1993இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ சங்கராச்சாரியார் சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்திலும் அது கற்பிக்கப்படுகிறது. வழக்கறிஞர், மருத்துவர், தொழிற்சங்கத்தார், நிர்வாகி ஆகிய அனைவர்க்கும் இப்பயிற்சி பயன்படும்.

சாப்பா மறைந்தது, அது எழுப்பிய வினா மறையவில்லை. கைப்பேசியில் வரும் அழைப்பை முதலில் தொட்டவருக்கே வேலை என்று ஓர் ஏற்பாடு இருப்பின், அது சீட்டை ஒத்ததா, சாப்பாவை ஒத்ததா? இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். விடையோடு காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள்.