கொடி பிடித்தவர்களை எண்ணும் கணக்கு

1991-ல் அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் மலையிலிருந்த 12 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியில் ராபர்ட் பிரவுனும் பால் வாண்டன் பௌட்டும் ஒரு நிறமாலைக் கோட்டைப் பிடித்தார்கள். கோடு என்று சொல்வதே மரியாதைக்கு. இரைச்சல் மண்டிய வரைபடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். ஐராஸ் எஃப்10214+4724 என்ற கேலக்ஸியின் கார்பன் மோனாக்சைடு ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய அலை அது. கிளம்பும்போது 346 கிகாஹெர்ட்ஸ். பிரபஞ்சம் விரிய விரிய அலையும் நீண்டு, இங்கே வந்து சேர்ந்தபோது 105.

நட்சத்திரங்கள் பிறப்பது குளிர்ந்த மூலக்கூறு ஹைட்ரஜனில். ஆனால் அந்தக் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு வாயே திறக்காது. கூடவே பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுதான் ரேடியோ அலையை உமிழும். கொடி பிடித்தவர்களை எண்ணி மாநாட்டுக் கூட்டத்தைக் கணிப்பது போன்ற வேலை இது.

அன்றைய ரிசீவர்களுக்கு ஒரே சமயத்தில் ஒரு கிகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பார்ப்பதே பெரும்பாடு. அலை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற செம்பெயர்ச்சி அளவை ஒளியியல் தொலைநோக்கிக்காரர்கள் துல்லியமாகச் சொன்னால்தான் எந்த அலைவரிசையில் காது வைப்பது என்றே தெரியும். அவர்கள் கொடுத்த எண் சற்றுப் பிசகினால் இரவு முழுக்க வீண். சிக்கியவையும் மிகப் பிரகாசமானவை மட்டுமே. அந்த முதல் கேலக்ஸியே ஈர்ப்பு வில்லையால் பெரிதாகத் தெரிந்தது என்று பிறகு புலப்பட்டு, அதன் வாயுக் கணக்கு நன்றாக இறங்கியது. இப்படிச் சிக்கியவற்றை 2005-ல் வானியலாளர் சாலமனும் வாண்டன் பௌட்டும் தொகுத்த பட்டியலில் இருந்தவை வெறும் 36.

இன்று சிலியின் சாக்னண்டோர் பீடபூமியில், 5000 மீட்டர் உயரத்தில், அல்மா ரேடியோ தொலைநோக்கியின் 66 ஆண்டெனாக்கள். அங்கே வேலைக்கு ஏறுகிறவர்கள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நடமாடுகிறார்கள். ஆய்வாளருக்குத் தரவு இணையத்தில் வந்துவிடுகிறது. ஆனால் ஆண்டெனா எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தென்துருவத் தொலைநோக்கி கண்டெடுத்த தூசு மண்டிய 26 கேலக்ஸிகளை அல்மா 84 முதல் 115 கிகாஹெர்ட்ஸ் வரை வரிசையாகத் துழாவிய முடிவு 2013-ல் வெளியானது. முன்கூட்டியே தூரம் யாரும் சொல்லித் தரவில்லை. பெரும்பாலானவற்றில் மூலக்கூறே தன் தூரத்தைக் காட்டிக் கொடுத்தது. அதுவும் கட்டி முடியாத அல்மாவின் 16 ஆண்டெனாக்களிலேயே!

அந்தப் பழங்காலத்துச் சாதாரண கேலக்ஸிகளும் இப்போது கைக்கு எட்டுகின்றன. லிண்டா டக்கோனியின் குழு பிரான்ஸின் பிளாட்டோ த பூர் ஆண்டெனாக்களைக் கொண்டு 2010-ல் சொன்ன கணக்கு: அவற்றில் நட்சத்திரங்களும் வாயுவும் சேர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து கிட்டத்தட்ட பாதி வரை மூலக்கூறு வாயு. நம் பால்வீதி போன்றவற்றில் இன்று பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அக்காலத்தில் நட்சத்திரங்கள் அத்தனை வேகமாகப் பிறந்ததற்குச் சரக்கு கையிருப்பில் இருந்தது.

மாறாதது அந்தக் கொடிக் கணக்குதான். கார்பன் மோனாக்சைடின் ஒளியை வாயுவின் எடையாக மாற்ற, பால்வீதிக்கு 4.3 என்றும், மோதிக் கொந்தளிக்கும் கேலக்ஸிகளுக்கு 0.8 என்றும் பெருக்குகிறார்கள். ஒரே மேட்டுக்கு ஐந்து மடங்கு வித்தியாசம்! இன்னும் பின்னோக்கிப் போனால் வேறு தலைவலி: பிரபஞ்சத்துக்கு நூறு கோடி வயதுகூட ஆகாத காலத்தில் பின்னணிக் கதிர்வீச்சே 20 கெல்வினை ஒட்டி இருந்ததால், குளிர்ந்த வாயு அதில் அமுங்கிப்போகிறது. அதனால் அயனியான கார்பனின் 158 மைக்ரான் கோட்டையும் தூசின் ஒளியையும் நாடுகிறார்கள். அவற்றுக்கும் ஆளுக்கொரு பெருக்கல் எண் இருக்கிறது.