பொருளுணர்ந்து பாடுவோம்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும்போது நம் பங்குகளில் சிறுவர் சிறுமியர் 'சைலண்ட் நைட்' என்னும் ஆங்கிலப் பாடலை இனிமையுறப் பாடுவதைக் கேட்டு மகிழ்கிறோம். சென்ற ஆண்டு பாடற்பயிற்சி முடிந்ததும், "இதில் வரும் 'காம்' என்பதற்குப் பொருள் என்ன, தம்பி?" என்று ஒரு சிறுவனிடம் வினவினோம். அவன் தலைகுனிந்தான். குறை அவனிடம் இல்லை. இராகத்தைக் கற்பித்துப் பொருளைக் கற்பியாது விட்ட நம்மிடமே இருந்தது.

இப்பாடலை 1816-இல் ஜெர்மன் மொழியில் இயற்றியவர் யோசேப்பு மோர் என்னும் இளங்குரு. 1818-இல் பள்ளி ஆசிரியரான பிரான்ஸ் குரூபர் இசையமைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊர்க் கோவிலில் அது முதன்முதலாக ஒலித்தது. அங்குக் கூடியிருந்தோர் தம் சொந்த மொழியில் கேட்டுப் பொருளுணர்ந்தனர். 1859-இல் ஜான் ஃப்ரீமன் யங் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையே நம் பிள்ளைகள் பாடுகின்றனர். அதன் பொருளும் அவர்களுக்கு உரியதன்றோ?

அதற்கு எளிய வழி உண்டு. பாடலிலிருந்து பத்துச் சொற்களைத் தேர்ந்து பத்து அட்டைகளில் எழுதுக. அவற்றின் தமிழ்ப் பொருளை வேறு பத்து அட்டைகளில் எழுதுக. பழைய நாட்காட்டி அட்டையே போதும். இருபதையும் கலந்து கவிழ்த்து வைத்து, முறைவைத்து இரண்டிரண்டாகத் திறக்கட்டும். சொல்லும் பொருளும் இணைந்தால் அவ்விரண்டும் திறந்தவருக்கே. இணையாவிடில் மீண்டும் கவிழ்க்க வேண்டும். அடுத்து, பாடலைத் தாளில் எழுதிச் சில சொற்களுக்கு இடம் விட்டு, பாடக் கேட்டு நிரப்பச் சொல்லுக. நைட், பிரைட், லைட் ஆகிய மூன்றும் ஒரே ஓசையில் முடிவதையும், அவற்றில் ஜி, எச் என்னும் எழுத்துகள் ஒலியாதிருப்பதையும் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். 'காம்' என்பதில் எல் எழுத்து மறைந்து நிற்பதும் புலப்படும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இவ்விளையாட்டில் அமரலாம். பிள்ளையே சொல்லிக் கொடுக்கட்டும். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கு அம்மொழியின்மீதுள்ள அச்சம் அகலும். பள்ளியில் ஆங்கிலம் கண்டு ஒதுங்கும் ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு இது சிறு உதவியன்று.

ஆவியோடு மட்டுமன்றி அறிவோடும் பாடவேண்டும் என்று கொரிந்தியருக்குக் கற்பித்தார் புனித பவுல். வரும் பெருவிழாவில் நம் பிள்ளைகள் தலைநிமிர்ந்து, பொருளுணர்ந்து பாடட்டும்.