நிற்கும் கால்களுக்கு ஒரு முக்காலி

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில், தாம்பரம் சண்முகம் சாலையில் எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் நமக்கு உட்கார இடம் உண்டு. புடவையை விரித்துக் காட்டும் பெண் நின்றுகொண்டே இருப்பார், காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறங்கும்வரை.

இதயம் காலுக்கு அனுப்பிய ரத்தத்தை மேலே ஏற்றுவதில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைக்கு உண்டு. நடக்கும்போது அது சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் இந்த வேலை நடக்காது. பாதச் சிரையின் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவுக்குப் போய்விடும். நடந்தால் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். நாள்தோறும் இந்த அழுத்தத்தைத் தாங்கும் சிரை மெல்ல மெல்ல அகன்றுவிட, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. ரத்தம் தேங்குகிறது. நரம்புச் சுருட்டு என்று மக்கள் சொல்வது இதைத்தான். முதலில் மாலை வீக்கம், இரவில் கெண்டைக்கால் இழுப்பு. பிறகு கணுக்காலின் உட்புறத் தோல் கறுக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் லேசில் ஆறாத புண் வரலாம்.

டென்மார்க்கில் உழைப்பாளர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2005இல் வெளியான ஆய்வு ஒன்று, நின்றே வேலை செய்பவர்கள் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்றது. குளிர்நாட்டிலேயே இப்படி. நம் வெயிலில் சிரைகள் இன்னும் விரியும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிக்காமலிருக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்கிறது.

ஊழியர்கள் உட்காருவதற்குச் சட்டம் இருக்கிறது. கேரளம் 2018இல் இத்தகைய திருத்தம் செய்ததைத் தொடர்ந்து, 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் நல்லதல்ல. நிற்பதும் நடப்பதும் உட்காருவதும் மாறிமாறி வர வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் குதிகாலை உயர்த்தி இறக்கினாலும் கெண்டைத் தசை கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் அது முக்காலிக்கு ஈடாகாது.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் மதிப்புக்குறைவாக நினைப்பார் என்று முதலாளிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்க நம்மால் முடியும். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, "நீங்களும் உட்காருங்கம்மா" என்று முதலாளி காதில் விழும்படி சொல்லுங்கள்.