வெல்டிங் வெளிச்சமும் வெள்ளெழுத்தும்: பவர் கண்ணாடி போடுவோர் கவனத்துக்கு

வீராணம் ஏரிப் பாசனத்தில் சேற்றுழவு தொடங்கிவிட்டால் காட்டுமன்னார்கோயில் சுற்றுவட்டார வெல்டிங் பட்டறைகளுக்கு ஓய்வு கிடையாது. டிராக்டர் கேஜ் வீலில் பட்டை விட்டிருக்கும். ரோட்டவேட்டரின் மூடி விரிசல் கண்டிருக்கும். பட்டறையில் காத்திருந்தால் முறைத் தண்ணீர் போய்விடும் என்று, சிறிய வெல்டிங் இயந்திரத்தை வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே வேலையை முடித்துக்கொள்ளும் விவசாயிகளும் உண்டு.

இவர்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளெழுத்து வந்திருக்கும். ஒரு கையில் ராடு மாட்டிய ஹோல்டர், மறு கையில் கருப்புக் கண்ணாடி பதித்த கை ஷீல்டு. கருப்புக் கண்ணாடி வழியாகப் பொறி கிளம்பும் வரை எதுவும் தெரியாது. கிட்டப் பார்வையும் மங்கல் என்பதால் ராடு நுனி எந்த இடத்தில் தொடுகிறது என்று பிடிபடாது. எனவே ஷீல்டை இறக்கிப் பார்த்தபடி ராடைத் தட்டுகிறார்கள். வெளிச்சம் வந்த பிறகே ஷீல்டு மேலே போகிறது. ஒரு நாளில் இப்படிப் பலமுறை நடக்கும். கண் கெடுவதற்கு அலட்சியம்தான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் சரியான பவர் கண்ணாடி இல்லாததே காரணம்.

அந்த வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும். உடனே வலிக்காது என்பதுதான் இதில் மோசம். 6 முதல் 12 மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும்; நீர் கொட்டும்; விளக்கைப் பார்க்க முடியாது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதற்குள் தாய்ப்பால் விடுவது, மருந்துக் கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி விட்டுக்கொள்வது என்று இறங்கக் கூடாது. மரத்துப்போகும் மருந்து வலியை மறைக்கும், புண் ஆறுவதைத் தடுக்கும். வலி குறையாவிட்டாலோ பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணாடி விஷயத்தில் முதலில் தெளிய வேண்டியது: ஷீல்டில் உள்ள 10, 11 என்ற எண் கருமையின் அளவு. அதற்கும் பார்வை பவருக்கும் தொடர்பில்லை. 60 முதல் 160 ஆம்பியரில் ராடு வெல்டிங் செய்ய 10ஆம் எண் பொதுவாகப் பொருந்தும். 160க்கு மேல் போனால் 12 வரை தேவைப்படலாம். கேஸ் கட்டிங்குக்கு 4 அல்லது 5 போதும். கூலிங் கிளாஸும் வெயிலில் கறுக்கும் கண்ணாடியும் இதற்கு ஈடாகாது.

அதேபோல், படிக்கப் போடும் பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டில் திறப்பு இருக்கும். லென்சும் அடிதாங்கும் வகையாக இராது. வெல்டிங் முடிந்து ஷீல்டை வைத்துவிட்டுச் சுத்தியலால் கசடைத் தட்டும்போதும், கிரைண்டர் பிடிக்கும்போதும்தான் இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் பாய்கிறது. எனவே ஷீல்டுக்கு உள்ளே இன்னொரு நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் முகத்தில் இருக்க வேண்டும். பவர் தேவைப்படுவோர் அதையே தங்கள் பவரில் செய்துகொள்ளலாம்.

கடையில் “பாலிகார்பனேட் லென்ஸ், பக்கத் தடுப்புடன் கூடிய பாதுகாப்பு பிரேம்” என்று கேட்க வேண்டும். பாலிகார்பனேட் எளிதில் உடையாது. நிறமில்லாமலேயே புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும். பக்கத்தில் இன்னொருவர் ராடு அடிக்கும்போது தெறிக்கும் வெளிச்சத்துக்கும், கேஜ் வீலைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளும் உதவியாளருக்கும் இது நல்ல காப்பு. ஆனால் வெல்டிங் செய்பவருக்கு ஷீல்டுக்குப் பதிலாகாது. பிரேம் உலோகமாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. உலோகம் சூடேறும், மின்சாரமும் கடத்தும்.

பவர் எழுதும்போது பலரும் தவறவிடும் இடம் ஒன்று. செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்குத்தான் வழக்கமாகச் சோதிப்பார்கள். வெல்டிங் செய்யும் இடம் முகத்திலிருந்து அதைவிடச் சற்றுத் தள்ளி இருக்கும். வீட்டிலேயே ஹோல்டரைப் பிடித்து உட்கார்ந்து, கண்ணுக்கும் ராடு நுனிக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து கொண்டுபோய்ச் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கு எழுதித் தருவார்கள். இரட்டைப் பவர் கண்ணாடியில் கிட்டப் பார்வைப் பகுதி அடியில் இருப்பதால், டிரெய்லர் பக்கப் பலகை போல உயரத்தில் உள்ளதைப் பற்றவைக்கும்போது கழுத்தை அண்ணாந்தே நிற்க வேண்டிவரும். அந்த வேலைக்கு ஒற்றைப் பவர் மேல். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு டிராக்டர் ஓட்டக் கூடாது. தூரம் மங்கலாகத் தெரியும்.

தலையில் மாட்டும் ஷீல்டுக்குள் செருகும் உருப்பெருக்கி லென்சும் கிடைக்கிறது. இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு வெள்ளெழுத்து மட்டும் உள்ளவருக்கு அது உதவும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குப் பயன்படாது. ஷீல்டைத் தூக்கியதும் பாதுகாப்பும் போய்விடும். கையில் பணம் இருந்தால் தானாகக் கறுக்கும் ஷீல்டு வாங்குவது புத்திசாலித்தனம். பொறி கிளம்பும் முன்பே இடம் தெரிவதால் எட்டிப் பார்க்கும் பழக்கம் தானாகவே போகும். கண்ணாடியோடு மாட்டிப் பார்த்து, முட்டாமல் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்க்கவும். உடனே தனியாகப் பவர் லென்ஸ் செய்ய முடியாதவர்கள், பவர் கண்ணாடிக்கு மேலேயே அணியும் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியைப் பயன்படுத்தலாம்.

கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர்கள், மருத்துவர் அனுமதித்த பிறகே ஹோல்டரைத் தொட வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள் பாலிகார்பனேட்டைத் தவிர வேறு லென்சை நினைக்கவே கூடாது.

இந்தக் கண்ணாடியைப் பட்டறையோடு நிறுத்த வேண்டியதில்லை. கதிரடிக்கும்போதும் வைக்கோல் கட்டும்போதும் நெல் சுணையோ தாளோ கருவிழியைக் கீறினால் பூஞ்சைப் புண் வரக்கூடும். பார்வையையே பறிக்கும் நோய் அது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நாமே வாங்கி விட்டால் இன்னும் முற்றும். களத்திலும் இதே கண்ணாடி காக்கும்.

இரும்புத் துணுக்கு விழுந்தால் ஊசியாலோ துணி நுனியாலோ யாரையும் எடுக்க விடாதீர்கள். கருவிழியில் தங்கும் இரும்பு துருப்பிடித்து வளையமாகப் படியும். இரும்பின் மேல் இரும்பை அடித்தபோது சுருக்கென்று பட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரிக்கோ போய்க் காட்டிவிட வேண்டும். துணுக்கு கண்ணின் உள்ளேயே போயிருக்கலாம்.

பாலிகார்பனேட்டுக்குக் கீறல் ஆகாது. தோளில் கிடக்கும் துண்டால் துடைக்காமல், முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றவும். கீறல் விழுந்து மங்கினால் லென்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிரேம் அப்படியே இருக்கட்டும்.