அசுவினி காட்டிய வழி

பனம்பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும்; சீவாமல் விட்டால் சாறு நின்றுவிடும். இலையில் உருவான சர்க்கரையைச் செடியெங்கும் கொண்டுசேர்க்கும் புளோயம் குழாய்கள், காயம் பட்டதும் தம்மைத் தாமே அடைத்துக்கொள்ளும். பனையேறியின் அரிவாள் அந்த அடைப்பைத் திரும்பத் திரும்பத் திறக்கிறது. ஆய்வாளர்களுக்கோ இந்த அடைப்புதான் பெரிய இடைஞ்சல். பார்க்கப் போய்க் கை வைத்தாலே ஓட்டம் கெட்டுவிடும்.

சர்க்கரை செல்லும் பாதை எது என்பது முன்பே தெரிந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி, மரத்தண்டில் பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தார். வளையத்துக்கு மேலே தண்டு புடைத்தது. இலையிலிருந்து பட்டை வழியே இறங்கிய உணவு அங்கேயே தேங்கியிருந்தது.

ஆனால் உள்ளே ஓடும் சாற்றைக் கெடாமல் எடுப்பது எப்படி? வழி காட்டியது அசுவினிப் பூச்சி. மயிரிழையிலும் மெல்லிய தன் வாய்க்குழலை அது ஒரே ஒரு புளோயம் குழாய்க்குள் செலுத்துகிறது, குழாய் அடைபடுவதில்லை. உள்ளழுத்தம் சாற்றை அதன் வயிற்றுக்குள் தள்ள, மிஞ்சியது தேன்துளியாகப் பின்பக்கம் வெளியேறுகிறது. எறும்புகள் அசுவினியைச் சுற்றி வருவது இதற்காகத்தான். 1953இல் கென்னடி, மிட்லர் என்ற இருவர், உறிஞ்சும் அசுவினியின் உடலை வெட்டி நீக்கிவிட்டு வாய்க்குழலை மட்டும் செடியில் விட்டுவைத்தார்கள். அதன் முனையில் தூய சாறு மணிக்கணக்கில் கசிந்தது. எந்தக் கருவியும் செய்யாததை ஒரு பூச்சியின் வாய் செய்தது!

சாற்றை ஓடவைப்பது எது? சர்க்கரை சேரும் இலையில் நீர் புகுந்து அழுத்தம் கூடுகிறது, சர்க்கரை செலவாகும் வேரில் குறைகிறது. இந்த வேறுபாடே சாற்றைத் தள்ளுகிறது என்று 1930இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் முன்ஷ் விளக்கினார். நெடுந்தூரத்துக்கு இந்த அழுத்தம் போதுமா என்ற சந்தேகம் நீண்ட காலம் நீடித்தது. 2016இல் மைக்கேல் நோப்லாக் குழு, நுண்ணிய கண்ணாடி அழுத்தமானிகளைக் கொண்டு மார்னிங் குளோரி கொடிகளின் குழாய்களையே அளந்தது. நீண்ட கொடியில் அழுத்தமும் கூடுதலாக இருந்தது. சாறு எளிதாக ஓடும்படி குழாயமைப்பும் மாறியிருந்தது. முன்ஷின் கருத்து வலுப்பெற்றது.

இலைச் செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே விடும் வாயில்கள் எவை என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவில் வுல்ஃப் ஃப்ரோமர் குழு, சர்க்கரை புகுந்தால் ஒளிர்வு மாறும் புரதத்தை மனித செல்களில் வைத்து, தாவரப் புரதங்களை ஒவ்வொன்றாக அவற்றில் சோதித்தது. 2010இல் 'ஸ்வீட்' என்ற புரதக் குடும்பம் பிடிபட்டது. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலை உண்டாக்கும் கிருமி, இந்த வாயில்களின் மரபணுக்களைத் தானே முடுக்கிவிட்டுச் சர்க்கரையைக் கறக்கிறது. அது பற்றிக்கொள்ளும் மரபணுப் பகுதியை மட்டும் விஞ்ஞானிகள் திருத்தினார்கள். 2019இல் வெளியான முடிவுகளின்படி, திருத்திய நெற்பயிர்கள் அந்நோயை எதிர்த்து நின்றன.