மடிப்புப் புண்ணை வீட்டிலேயே ஆற்றலாம்

காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் ஷட்டரை இறக்குகிறோம். அதுவரை பெரும்பாலும் கல்லாவிலேயே இருக்கிறோம். ரெக்சின் போட்ட நாற்காலி, பின்னால் அடுக்கிய மூட்டைகள், காற்றுப் புக வழியில்லாத இடம். கோடையில் அக்குள், தொடை இடுக்கு, தொப்பையின் அடிமடிப்பு ஆகிய இடங்களில் வேர்வை ஊறி, தோல் சிவந்து, எரிச்சலும் அரிப்பும் உண்டாவது நம்மில் பலருக்கு ஆண்டுதோறும் நடப்பதுதான். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ஏதோ ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு பொறுத்துக்கொள்கிறோம். இந்தப் புண் தொடக்கத்தில் எளிதில் ஆறக்கூடியது. தவறான களிம்பால்தான் அது பெருந்தொல்லையாக மாறுகிறது. ஆகவே இதை விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

எதனால் வருகிறது?

மருத்துவர்கள் இதை 'இன்டர்ட்ரைகோ' என்பார்கள். தோலும் தோலும் ஒட்டிக்கிடக்கும் இடத்தில் சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் மேல்தோல் ஊறிப்போய் உரிகிறது. இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. ஆனால் ஊறிய தோலில் பூஞ்சைக் கிருமிகள் எளிதாகக் குடியேறிவிடும்.

அரிசி மூட்டையைச் சுவரோடு ஒட்டி, வெறுந்தரையில் அடுக்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஓதம் ஏறிப் பூசணம் பிடிக்கும். அதனால்தான் கீழே கட்டை போட்டு, சுவருக்கும் மூட்டைக்கும் இடைவெளி விட்டு அடுக்குகிறோம். உடம்பின் மடிப்புக்கும் இதே கணக்குத்தான். காற்றும் உலர்வும் இருந்தால் பூஞ்சைக்கு இடமில்லை.

உடல் பருமன் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், அதிகம் வேர்ப்பவர்கள், மூட்டை தூக்கும் தொழிலாளர்கள், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வரும். பெண்களுக்கு மார்பகத்தின் அடியிலும், கைக்குழந்தைகளுக்குக் கழுத்து மடிப்பிலும் வரும்.

வீட்டில் செய்ய வேண்டியது

1. காலையும் இரவும் அந்த இடத்தை வெதுவெதுப்பான நீரில், காரமில்லாத சோப்பை லேசாகப் பூசிக் கழுவ வேண்டும். சோப்பு மிச்சமில்லாமல் அலச வேண்டும். மிளகாய்த் தூள், மாவு, சர்க்கரை ஆகியவற்றைக் கையாளுகிறவர்கள் கடையிலிருந்து வந்ததும் கழுவிக்கொள்வது அவசியம். அந்தத் தூசியும் எரிச்சலைக் கூட்டும்.

2. துவைத்துக் காய்ந்த பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடமாவது மடிப்பை விரித்து உலரவிட வேண்டும். மருத்துவத்தில் பாதி இந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. ஈரம் உலராமல் எந்த மருந்தைத் தடவினாலும் பயன் குறைவு.

3. நன்றாக உலர்ந்த பின் ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவலாம். தோலும் தோலும் உரசாமல் இது ஒரு திரைபோல் காக்கும். குழந்தைகளுக்கு அணையாடைப் புண்ணுக்குத் தடவுவதும் இதுதான்.

4. தொப்பை மடிப்பு பெரிதாக இருந்தால், துவைத்த பழைய வேட்டித் துணியில் ஒரு கீற்றை மடிப்புக்குள் வைத்து, நுனி வெளியே தெரியும்படி விடலாம். வேர்வையை அது உறிஞ்சும். ஈரமானதும் மாற்றிவிட வேண்டும். நனைந்த துணி உள்ளேயே கிடந்தால் நன்மைக்குப் பதில் தீமையே வரும்.

5. இறுக்கமான நைலான் உள்ளாடையை விட்டுத் தளர்வான பருத்திக்கு மாற வேண்டும். உள்ளாடையைத் தினமும் மாற்றி, வெயிலில் நன்றாக உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் அரைகுறையாக உலர்ந்ததை உடுத்தக் கூடாது. அரைஞாண் கயிறு எப்போதும் ஈரமாகக் கிடப்பதையும் நாம் கவனிப்பதில்லை. புண் ஆறும்வரை அதைக் கழற்றி வைப்பது நல்லது.

வெறும் உராய்வுப் புண் என்றால் இந்த ஐந்தையும் ஒழுங்காகச் செய்துவந்தாலே ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். நடுவே ஒரு மணிக்கு ஒருமுறை கல்லாவை விட்டு எழுந்து நிற்பதும் உதவும்.

பூஞ்சை சேர்ந்துவிட்டால்

சிவந்த இடத்தில் வெண்மையாக மாவு பூத்தது போலவும், ஓரத்தைச் சுற்றிச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகளாகவும் தெரிந்தால் கேண்டிடா என்னும் பூஞ்சை சேர்ந்திருக்கலாம். அதற்குக் க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் அல்லது மைக்கோனசோல் 2 சதவீதக் களிம்பை, கழுவி உலர்த்திய பின், நாளைக்கு இரண்டு வேளை தடவலாம். இரண்டு வாரமாவது விடாமல் தடவ வேண்டும். அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. புண் மறைந்த பிறகும் ஒரு வாரம் தடவினால்தான் திரும்ப வராது.

ஓரம் வளையம்போல் தடித்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் படர்ந்தால் அது படர்தாமரை. இது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தொற்றும். நம் நாட்டில் அண்மைக் காலமாகப் படர்தாமரை எளிதில் மருந்துக்கு மடங்காததாக மாறியிருப்பதால், கை வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கலப்புக் களிம்பு வேண்டாம்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். "தடவின மறுநாளே அரிப்பு போய்விடும்" என்று சொல்லிக் கைக்குக் கை மாறும் களிம்புகள் பல உண்டு. பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி, ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை இவை. அரிப்பைச் சட்டென்று அடக்குவது ஸ்டீராய்டு. ஆனால் அதுவே தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுவதால், பூஞ்சை உள்ளுக்குள் தடையின்றிப் பெருகும். களிம்பை நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்ப வரும். மறுபடி தடவுவோம், மறுபடி வரும்.

மடிப்புத் தோல் இயல்பிலேயே மெல்லியது. ஸ்டீராய்டை அங்கே தொடர்ந்து தடவினால் தோல் இன்னும் மெலிந்து, கோடு கோடாக வெடிப்புத் தழும்பு விழும். அந்தத் தழும்பு முழுவதும் மறைவதில்லை. வாங்கும்போது குழாயின் மேல் சிறு எழுத்தில் உள்ள பெயர்களைப் படித்துப் பார்க்க வேண்டும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அவை ஸ்டீராய்டுகள்.

2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அவற்றில் இதுபோன்ற கலப்புக் களிம்புகளும் அடங்கும். எனவே, மளிகைக் கடையில் தைலம், பேனா, பிளேடு ஆகியவற்றோடு இந்தக் களிம்புக் குழாயையும் தொங்கவிடுவது சட்டப்படியும் தவறு, வாடிக்கையாளருக்குச் செய்யும் தீங்கும் ஆகும். விற்பனைப் பிரதிநிதி எவ்வளவு கழிவு தருவதாகச் சொன்னாலும் அந்த வரவு நமக்கு வேண்டாம்.

செய்யக் கூடாதவை

எலுமிச்சைச் சாறு, உப்பு, தண்ணீர் கலக்காத டெட்டால் ஆகியவற்றைப் புண்ணில் ஊற்றக் கூடாது. தோல் வெந்து புண் பெரிதாகும். முகப்பவுடரை ஈரத்தின் மேல் கொட்டினால் கட்டியாகித் திரண்டு மேலும் உராயும். அரிசி மாவு, சோள மாவு போடுவதும் வேண்டாம். தேங்காய் எண்ணெய், நீண்ட தூரம் நடக்குமுன் உலர்ந்த தொடையில் லேசாகப் பூசிக்கொள்ள உதவும். கசிகிற புண்ணில் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

கால்விரல் இடுக்கைக் கவனியுங்கள்

காய்கறி, மீன், பூ வியாபாரிகள் நாள் முழுதும் ஈரத்தில் நிற்கிறார்கள். விரல் இடுக்கில் தோல் வெளுத்து வெடிக்கும். சேற்றுப்புண் என்று அலட்சியமாக விட்டுவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்தச் சிறு வெடிப்பின் வழியே கிருமி புகுந்து கால் முழுதும் வீங்கிவிடக்கூடும். இரவு கடை அடைத்ததும் காலைக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் துடைத்து உலர்த்துவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

மருத்துவரிடம் எப்போது?

சீழ், துர்நாற்றம், காய்ச்சல், கடும் வலி, வேகமாகப் பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகக் கவனித்தும் ஆறாவிட்டாலும் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் கைக்குழந்தைகளும் முதலிலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

மற்றொன்று. ஆறிய புண் அடிக்கடி திரும்ப வந்தால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாத ஒருவருக்கு இந்தப் புண் முதல் அறிவிப்பாக அமைவதுண்டு. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஹெச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், சர்க்கரை நோய் என்று கொள்வது மருத்துவ அளவுகோல். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

சரக்கில் ஒரு மூட்டை ஓதம் பிடித்தால் அன்றைக்கே பிரித்துக் காயப்போடுகிறோம். நம் உடம்புக்கும் அந்த அக்கறையைக் காட்டுவோம். கடைப் பையன்களுக்கும் சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கும் இதைக் கூச்சப்படாமல் எடுத்துச் சொல்வோம். அவர்கள் கை கால் கழுவி உலர்த்திக்கொள்ள ஒரு வாளித் தண்ணீரும், சிறிது நேரமும் கொடுப்போம்.